ரப்பர் தோட்டக் குறும்படத்துக்கு எந்த மாதிரி டைட்டில் போடலாம்?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு குடும்பத்தைப் பற்றி 28 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறீர்கள். எடிட்டிங் பாதி ஆகிவிட்டது, டைட்டில், அதாவது தொடக்கத்தில் பெயர்கள் வரும் பகுதி, மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கூட இருப்பவர்கள் கன்னியாகுமரி சூரிய உதயம், திருவள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப் பாலம் எல்லாவற்றையும் டிரோனில் எடுத்து, அதன்மேல் பெயர்களை ஓடவிடலாம் என்கிறார்கள். நல்ல டைட்டில் என்றால் என்ன, எவ்வளவு நீளம் இருக்கலாம், எந்த சாஃப்ட்வேரில் செய்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் காட்சிக்கு முன்னால் பார்ப்பவரிடம் எதைச் சொல்லிவைப்பது, எதைச் சொல்லாமல் வைப்பது என்பதுதான் இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி. அது முடிவானால் மற்றவை தானாக முடிவாகும்.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. பாட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பில் கதைக்குள் போவதில்லை. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் என்று வரிசையாகப் பாடிவிட்டுத்தான் கதைக்கு வருவார்கள். வருபொருள் கேட்டவுடன் இன்ன கதை என்று தெரிந்துவிடும்; அது எப்படி நடந்தது என்று கேட்க உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். நாட்டுவளம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று சொல்லிவிடும். டைட்டிலின் வேலையும் இதேதான். யார் செய்தார்கள், எந்த மண், எந்த நேரம், எந்த மனநிலை. கதையின் முடிச்சு மட்டும் அதில் இருக்கக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் டிரோன் யோசனை நிற்காது. 133 அடிச் சிலை திரையில் வந்த உடனே பார்ப்பவர் மனதில் சுற்றுலா, கடல், முக்கடல் சங்கமம் என்று ஏற்கெனவே இருக்கிற படங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் கதை நடப்பது கடலே தெரியாத மலையடிவாரத்தில், விடியுமுன் இருட்டில். முதல் ஒரு நிமிடம் கடலைக் காட்டிவிட்டு அடுத்த 27 நிமிடம் கடல் வராவிட்டால், காட்டியது எதற்கு என்ற கேள்வி பார்ப்பவருக்குள் இருந்துகொண்டே இருக்கும். மாத்தூர் தொட்டிப் பாலமாவது உங்கள் ஊருக்குப் பக்கம். ஆனால் கதையில் யாரும் அதைக் கடந்து போகவில்லை என்றால் அதுவும் வெறும் அழகுதான்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அலை, மழை, காற்றில் ஆடும் இலை போன்றவற்றில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் புள்ளிகளும் மாறுகின்றன. யூடியூப் போன்ற தளங்கள் வீடியோவைச் சுருக்கும்போது முதலில் கெடுவது இந்தக் காட்சிகள்தான். அலை நுரைமேல் வெள்ளை எழுத்து வைத்தால் எடிட்டிங் மானிட்டரில் பளிச்சென்று இருக்கும். ஏற்றியபின் கைபேசியில் கட்டம் கட்டமாக உடைந்து, எழுத்தின் ஓரங்கள் கரைந்து தெரியும். 1080-இல் எடுத்த படத்தையே 4கே அளவுக்குப் பெருக்கி ஏற்றினால் ஓரளவு தப்பிக்கலாம், முழுதாகத் தப்பிக்க முடியாது. வேறு காட்சிக்காக டிரோன் பறக்கவிடுவதாக இருந்தாலும், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் டிரோன் தளத்திலுள்ள வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

டைட்டிலைப் படத்தின் பகுதியாகப் பார்க்கத் தொடங்கிய காலத்துக்கு வசதியான அடையாளம் 1955. ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ் டைட்டில் செய்தார். போதைப் பழக்கத்தில் சிக்கியவனின் கதை. டைட்டிலில் வந்தது கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், கடைசியில் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கை, அவ்வளவுதான். பெயர்கள் ஓடும்வரை திரைச்சீலையை மூடியே வைத்திருப்பது அந்தக் கால வழக்கம் என்பதால், டைட்டிலுக்கு முன்பே சீலையை விலக்கிவிடுங்கள் என்று தியேட்டர் ஆபரேட்டர்களுக்குப் படச்சுருள் பெட்டியிலேயே குறிப்பு அனுப்பினார்கள். 1995-இல் வந்த 'செவன்' படத்துக்குக் கைல் கூப்பர் செய்தது இன்னொரு பாடம். கொலைகாரன் படத்தில் வெகுநேரம் கழித்துத்தான் முகம் காட்டுகிறான். டைட்டிலில் அவன் கைகளும் அவன் தைக்கும் நோட்டுப்புத்தகங்களும் மட்டும் வருகின்றன. எழுத்துகளையும் கையால் கீறியே உருவாக்கினார்கள். ஆள் யார் என்று தெரியாமலே ஆளின் புத்தி தெரிந்துவிடுகிறது. இரண்டிலும் கதைக்குள் கிடக்கும் ஒரு பொருளைத்தான் எடுத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

உங்களுக்கு அந்தப் பொருள் தேட வேண்டிய தேவையே இல்லை, வெட்டுப்பட்டையில் இருக்கிறது. பால் வெட்டுகிறவர் மரத்தடிக்கு வந்ததும் முதலில் செய்வது, முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வெட்டின சாலோடு (பள்ளத்தோடு) முழு நீளத்துக்கும் ரப்பர் நாடாவாக உரிந்து வரும். பிறகு கத்தி வைத்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார். சீவின இடத்தில் ஒரு நொடி ஒன்றும் இருக்காது. அதன்பின் புள்ளி புள்ளியாக வெள்ளை கசிந்து, புள்ளிகள் சேர்ந்து கோடாகி, சரிவில் இறங்கி, சிறு தகரத் தகடு வழியாகச் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) விழும். மரத்தைப் பார்த்து நின்றால் அந்தச் சால் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் போகும். தமிழ் வாசிக்கும் கண்ணும் இடமிருந்து வலமாகத்தான் போகிறது. பால் ஓடும் திசையும் பெயர் வாசிக்கும் திசையும் ஒன்றாக அமைந்த பொருள் லேசில் கிடைக்காது. ஒட்டுப்பால் உரியும் அசைவையே ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகும் மாற்றமாக வைக்கலாம். படத்தின் பெயரைக் கடைசிச் சொட்டு விழுந்து சிரட்டையில் வட்டம் அடங்கினபின் போடலாம். எழுத்து பாலாக உருகி ஓடுகிற மாதிரி அனிமேஷன் செய்ய யாராவது சொல்வார்கள், வேண்டாம். பால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத்து அசையாமல் நிற்கட்டும்.

இதை எடுக்க ஒரு விடிகாலை போதும், ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மரம் குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினபின் போனால் சொட்டு தடித்து நின்றுவிடும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் இலை கொட்டிவிடும். படத்தில் தோட்டம் பச்சையாக இருந்தால் அந்த மாதங்களில் அகலமான ஷாட் எடுக்காதீர்கள், பட்டைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். கேமராவை முக்காலியில் பூட்டுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் 15 நொடி ஓடவிடுங்கள். டைட்டிலில் 4 நொடிதான் வரும், ஆனால் எந்த 4 நொடி என்று இசை வந்தபின்தான் தெரியும். வெளிச்ச அளவைப் பாலுக்கு வைத்து எடுங்கள், பட்டைக்கு வைக்காதீர்கள். பட்டைக்கு வைத்தால் பால் வெளுத்து வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும், அதன் வழவழப்பு போய்விடும். ஹெட்லைட் ஒன்றை மட்டும் நம்பினால் நடுவில் சுட்டெரித்து ஓரம் கறுத்துப்போகும். சிறிய எல்இடி பேனல் ஒன்றை வெள்ளைத் தெர்மாகோலில் அடித்துத் திருப்பி, பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் சாலின் ஆழம் தெரியும். கரண்டில் எரியும் விளக்கு இருந்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள், மினுக்கல் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கு இருட்டான, அசைவில்லாத பட்டையாக விட்டுவையுங்கள். பெயர் அங்கேதான் உட்காரப் போகிறது. பெரும்பாலான குறும்படங்களில் டைட்டில் கெடுவதற்கு இதுவே காரணம்: எடுக்கும்போது எழுத்துக்கு இடம் விடுவதில்லை, பிறகு முகத்தின் மேலோ மூங்கில் வேலியின் மேலோ பெயரை ஒட்டி, வாசிக்க முடியாமல் நிழலும் விளிம்புக்கோடும் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே எடுத்த ஷாட்டைத்தான் வைத்தாக வேண்டும் என்றால், நிழல் கொடுக்காமல் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் 20 முதல் 30 சதவீதம் கறுப்பு அடுக்கு ஒன்று போடுங்கள்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, டைட்டிலின் பாதி அதுதான். படம் வருமுன் கறுப்புத் திரையில் 3 நொடி சீவிடு (சில்வண்டு) சத்தம் மட்டும் கேட்கட்டும். பிறகு கத்தி பட்டையில் இழுபடும் ஓசை. இவற்றைத் தனியாக, கேமரா இல்லாமல், மைக்கைச் சாலுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பதிவுசெய்யுங்கள். இசை சேர்ப்பதாக இருந்தால் இசையமைப்பவரிடம் வேகத்தை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் நிமிடத்துக்கு 80 அடி என்ற தாளத்தில் ஒரு அடிக்குச் சரியாக 18 ஃபிரேம்; நான்கு அடிக்கு 72 ஃபிரேம், அதாவது சரியாக 3 நொடி. 72 அடிக்கு 20 ஃபிரேம், 90-க்கு 16, 96-க்கு 15, 120-க்கு 12. இந்த வேகங்களில் வெட்டு எப்போதும் முழு ஃபிரேமில் விழும். 85, 110 என்று போனால் பின்னத்தில் விழுந்து, பத்துப் பெயர் தாண்டுவதற்குள் படமும் தாளமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். எல்லாப் பெயரையும் அடிமேல் அடியாகப் போட வேண்டியதில்லை. இரண்டு, மூன்று இடத்தில் அரை அடி பிந்தி வந்தால்தான் இயந்திரத்தனம் போகும். பிரபலமான சினிமாப் பாட்டைத் தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். உரிமைப் பிரச்சினை ஒருபக்கம், அதைக் கேட்டுப் பழகின காதுக்கு வேறெந்த இசையும் பிடிக்காமல் போவது இன்னொரு பக்கம்.

ஒரு பெயர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அளந்தே சொல்லலாம். பெயரையும் பொறுப்பையும் நிதானமாக இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். அவ்வளவு நேரம் அது முழு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ஒற்றைப் பெயருக்கு இரண்டரை நொடி, மூன்று வரி இருந்தால் நாலு நொடிக்கு மேல். மங்கி வருவதும் மறைவதும் தலா 8 முதல் 12 ஃபிரேம், இது அந்தக் கணக்கில் சேராது. எட்டுப் பெயர் அட்டை, படத்தின் பெயருக்கு 5 நொடி, முன்னும் பின்னும் மூச்சுவிட இடம் என்று போட்டால் 40 நொடி சுற்றி வரும். தியேட்டருக்குப் போகும் படமென்றால் தணிக்கைச் சான்றிதழும், புகைபிடிக்கும் காட்சி இருந்தால் புகையிலை எச்சரிக்கையும் முன்னால் வந்துவிடும். இரண்டும் வந்தால் பார்ப்பவர் ஏற்கெனவே ஒரு நிமிடம் போல வாசித்துக் களைத்திருப்பார், அதனால் பிறகு கறுப்பு இடைவெளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

40 நொடி என்ற அந்த நீளம் சரியா என்பது மட்டும் அளவெடுத்துச் சொல்ல முடியாதது. முதல் காட்சியை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு டைட்டில் போடுவதும், ஆரம்பத்தில் படத்தின் பெயரை மட்டும் காட்டி மற்றவற்றைக் கடைசிக்குத் தள்ளுவதும் நல்ல வழிகள்தான். உங்கள் படத்தைப் பார்க்காமல் ஒன்றைத் திட்டமாகச் சொல்வது சரியல்ல. நீங்கள் விவரித்ததை வைத்துச் சொல்வதென்றால், முதல் காட்சியே வீட்டுக்குள் பேச்சோடு தொடங்குவதால், அதற்கு முன்னால் பேச்சில்லாத 40 நொடி தோட்டம் அந்தக் காட்சிக்கு உதவும் என்றுதான் படுகிறது. முதல் காட்சியும் தோட்டத்திலேயே தொடங்கியிருந்தால், தனி டைட்டிலே வேண்டாம், பெயர்களை அந்தக் காட்சியின்மேலேயே போடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும் பாடங்களில் இவை வராது. ஆங்கில டைட்டில்களில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மெல்லக் கூட்டுவது பெரிய அழகு. தமிழில் அதைச் செய்தால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் பிரிந்து போய்விடும். ஒவ்வொரு எழுத்தாக வரவழைக்கும் அனிமேஷனிலும் இதே கதி. புள்ளியும் கொம்பும் தனியாக வந்து சேரும். சொல் சொல்லாக வரவழையுங்கள், அல்லது முகமூடி (எழுத்தை மறைத்து மெல்லத் திறக்கும் மாஸ்க்) வைத்து இடமிருந்து வலமாகத் திறங்கள். சாஃப்ட்வேர் தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்று முதலிலேயே சோதியுங்கள்: கொ, சௌ, ணை, ஞூ, லீ, ஸ்ரீ, க்ஷி என்று அடித்துப் பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரின் பழைய பதிப்புகளில் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எந்த எடிட்டரில் செய்தாலும் கோளாறு தெரிந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேர் இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கும். அதில் ஒவ்வொரு அட்டையையும் அமைத்து, பின்னணி இல்லாத படமாக 3840 பிக்சல் அகலத்தில் எடுத்து, எடிட்டருக்குள் படமாக வையுங்கள்.

ஃபாண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, எல்லாம் யூனிகோட். உங்கள் கதைக்குக் கோடு ஒரே கனத்தில் ஓடும் எழுத்து பொருந்தும்; கவிவனாரின் கையெழுத்துச் சாய்வு அழகுதான், பெயர்களுக்குச் சரி, சின்னச் சின்ன வரிகளுக்குச் சரிவராது. மெல்லிய எழுத்து வேண்டாம், அரைத்தடிமன் எடுங்கள். 1080 உயரத் திரையில் 'க' எழுத்து 50 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். பெரிதாகத் தெரியலாம், ஆனால் 6 அங்குலக் கைபேசியைக் கிடத்திப் பிடித்தால் அது 3 மில்லிமீட்டர்தான். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் நீள்வதால் வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வேண்டும். நாலு ஓரத்திலும் 5 சதவீதம், அதாவது பக்கவாட்டில் 96 பிக்சலும் மேலும் கீழும் 54 பிக்சலும், காலியாக விடுங்கள். நிறம் முழு வெள்ளை வேண்டாம். கொஞ்சம் மங்கலான, புகையில் உலர்ந்த ரப்பர் ஷீட்டின் மஞ்சள் லேசாகத் தட்டின வெள்ளை, கறுத்த பட்டைமேல் கண்ணை உறுத்தாது.

பெயர்களில் பிழை வந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண் என்றே சொல்வேன். 40 நொடியில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு வரி; அதைத் தப்பாகப் போடுவது அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. நம் மாவட்டத்தில் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆன்றனி, ஜாண், றோஸ் என்று றகரமும் ணகரமும் வைத்து எழுதும் வழக்கம் இங்கே உண்டு. சென்னையிலிருந்து டைட்டில் செய்துதரும் நண்பர் அதைப் பிழையென்று நினைத்து ஆண்டனி, ஜான், ரோஸ் என்று திருத்திவிடுவார். ஒரே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே அடித்து, முதலெழுத்தும் புள்ளியும் எப்படி வேண்டுமோ அப்படி அனுப்பட்டும். அதை வெட்டி ஒட்டுங்கள், திரும்ப அடிக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின், எடிட்டிங்கில் சம்பந்தப்படாத ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துத் திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். தோட்டத்தை விட்டுக்கொடுத்தவர், மைக்குக்கு முன்னால் கத்தி பிடித்துப் பால் வெட்டிக் காட்டியவர் பெயரெல்லாம் நன்றிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியில் மேலேறும் பட்டியலுக்கு ஒரு கணக்குப் போதும். ஒரு ஃபிரேமுக்கு எத்தனை பிக்சல் ஏறுகிறது என்பது முழு எண்ணாக இருக்க வேண்டும். இரண்டரை, மூன்றே கால் என்று வந்தால் எழுத்து நடுங்கும். 1080 திரையில் ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்றால் ஒரு வரி கீழிருந்து மேலே போக 15 நொடி, வசதியாக வாசிக்கலாம். பட்டியலின் உயரத்தோடு 1080-ஐக் கூட்டி, 3-ஆல் வகுத்து, பிறகு 24-ஆல் வகுத்தால் மொத்த நொடி கிடைக்கும். 4320 பிக்சல் பட்டியலுக்கு 75 நொடி. நேரம் அதிகமென்று தோன்றினால் வேகத்தைக் கூட்டாமல் பட்டியலை இரண்டு பத்தியாக்குங்கள்.

எல்லாம் முடிந்து வெளியே அனுப்புமுன் எழுத்தே இல்லாத டைட்டில் பிரதி ஒன்றையும் தனியாக எடுத்து வையுங்கள். விழாக்களுக்கு அனுப்பும்போது ஆங்கிலப் பெயர்களோடு இன்னொரு பதிப்புக் கேட்பார்கள். வசன வரிகள் கீழே வரும்போது உங்கள் பெயர்கள்மேல் ஏறி உட்காரும். எழுத்தில்லாத பிரதியும், ஒலியும் இசையும் தனித்தனித் தடங்களில் இருக்கும் கோப்பும் கைவசம் இருந்தால் அது ஒரு மாலை வேலை. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஷாட்டையும் தேடியெடுத்து டைட்டிலை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.